அகலமா, நீளமா

நான் இந்த வீட்டை வாங்கியபோது சொந்தக்காரர் ஒருவரும் மெச்சவில்லை. யூனியன்வில்லில் இருக்கிற கடைசித் தங்கச்சி வந்து, காரைவிட்டு இறங்காமலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, சேற்றுக்குள் வீடு வாங்கின முதல் தமிழன் நான்தான் என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், ஓர் ஓடை ஏரியில் போய் விழுகிற இடத்தில், குளிருக்குக் கதவு இறுகி வெயிலுக்குத் தளர்கிற ஒரு பழைய மரவீடு. பின்வளவு முடிகிற இடத்தில் நிலமும் முடிந்துவிடும். அதற்கப்பால் காலை வைத்தால் முழங்கால்வரை சதுப்பு. கோடையில் கடிக்கிற நுளம்பு கதவைத் தட்டாத குறை.

நான் கலியாணம் கட்டாத ஆள். தங்கச்சிமார் மூன்று பேரையும் கரைசேர்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் தலை நரைத்திருந்தது. பிறகு யார் பெண் கொடுப்பார்கள், கொடுத்தாலும் யாருக்கு அந்தத் தைரியம் இருக்கும். ஓய்வு பெற்றதும் வோபர்னில் இருந்த வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தேன். வந்ததற்கு ஒரே காரணம் இந்த வீட்டோடு கூட வந்த டொக்.

டொக் என்று இங்கே சொல்வது, தண்ணீருக்கு மேலே தூண் நட்டு நீட்டிப் போட்ட பலகைப் பாதையை. என்னுடையது வளவின் எல்லையில் தொடங்கி, ஆள் உயரத்துக்கு வளர்ந்த சம்புப் புல்லுக்குள் புகுந்து, நேராகப் போய்த் திறந்த தண்ணீரில் முடிந்தது. புல்லுக்குள் நடக்கும்போது ஒன்றும் தெரியாது. கடைசிப் பலகைக்கு வந்ததும் முழு ஏரியும் முன்னால் கிடக்கும். முதல் சொந்தக்காரர் எப்போதோ தன் கையால் கட்டியதாம். அந்தக் காலத்தில் சதுப்பு நிலத்தைக் கேட்பாரில்லை. ஒருவர் நடக்கப் போதுமான அகலம்தான். எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்க இடமில்லை. எதிரே யார் வரப்போகிறார்கள் என்று நானும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

வந்தவர் ஒருவர்தான். அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன், கூடப்பிறந்தவர் அல்ல. ஒரே குளிர்காலத்தில் இந்த நாட்டுக்கு வந்து, ஒரே பேஸ்மென்ற் அறையில் ஒரே மெத்தையில் ஷிஃப்ட் மாறி மாறிப் படுத்தவர்கள் நாங்கள். அவர் எழும்பிப் போகும் சூட்டில் நான் படுப்பேன். பிறகு அவர் கலியாணம் கட்டி, ட்ரக் ஓட்டி, பிறம்ரனில் வீடு வாங்கினார். பிறம்ரனில் தண்ணீர் என்றால் பைப்பைத் திறந்தால் வருகிறதுதான் என்று நக்கலடிப்பார். நான் இங்கே வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தைக் குறுக்கே வெட்டி ஓடி வருவார். டொக்கின் நுனியில் போய் இருப்போம். மீன் பிடிக்கிறோம் என்று பெயர். மீன் பிடிபட்ட நாள்கள் குறைவு.

கண் ஒப்பரேசனுக்குப் பிறகு நான் கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன். அதனால் அந்த ஞாயிறுதான் என் வாரம். அவர் வராத வாரங்களில் கடைக்காரரிடம் "பை வேண்டாம்" என்று சொன்னதைத் தவிர வேறு ஒரு சொல்லும் என் வாயிலிருந்து வந்திருக்காது. தனிமையா என்று தங்கச்சி ரெலிபோனில் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அவள் கேட்பது சரி என்பதால்தான் அந்தக் கோபம்.

பிறகு அண்ணைக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சுத் தடித்தது. ஆஸ்பத்திரி, பயிற்சி என்று மாதங்கள் போய், ஒரு ஞாயிறு அவருடைய மகள் தன் வான் வண்டியில் கூட்டிவந்தாள். வீல் செயாரில் வைத்துப் புல்தரையால் தள்ளிக்கொண்டு டொக் தொடங்குகிற தலைப்புக்குப் போனோம். முன் சில்லுகள் ஏறின. பின் சில்லுகள் இரண்டும் பலகைக்கு வெளியே நின்றன. மகள் ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தாள், நான் மறுபக்கம். சேற்றுக்குள் அவரோடு சேர்ந்து நாங்களும் விழாதது புண்ணியம்.

அன்றைக்குக் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், புல்தரையில் இருந்தோம். அவர் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். சம்புப் புல்லைத் தவிர அங்கே தெரிய ஒன்றுமில்லை. ஒரு மணித்தியாலம் ஆகுமுன்னே மகளைப் பார்த்துப் போவோம் என்று கண்ணைக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் வருவது குறைந்தது. மகளுக்கு ஷிஃப்ட், வெளியில் வெயில், உடம்பு சரியில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னார்கள். காரணங்கள் எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் குப்பைத் தொட்டியைப் பார்க்க நானாக இருந்தாலும் பிறம்ரனில் இருந்து வரமாட்டேன்.

டொக்கை அகலமாக்குவது என்று அப்போதுதான் முடிவெடுத்தேன். வீல் செயார் போக, அதன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க, இரண்டு பக்கமும் கைபிடி. தச்சுவேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஆணிப்பெட்டியைத் திறக்கவே இல்லை. சதுப்புக்கு மேலே ஒரு சுத்தியல் அடி அடிப்பதென்றாலும் பெர்மிற் வேண்டும், முதலில் ஒஃபிசுக்கு ரெலிபோன் எடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

எடுத்தேன். ஈரநிலங்களைப் பார்க்கிற அந்த ஒஃபிசில் ஓர் இளம் பெண் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். என்னுடைய டொக் சட்டத்துக்கு மூத்ததாம். அதனால் இருக்கிறபடி இருக்கலாம். உக்கின பலகையைக் கழற்றி அதே அளவில் புதுப் பலகை போடலாம். அளவைக் கூட்டினால் அது திருத்தவேலை அல்ல, மாற்றம். மாற்றத்துக்கு அனுமதி வேண்டும். காணி அளந்த வரைபடம் வேண்டும். டொக்கின் படம் வேண்டும். பலகைகளுக்கு இடையே வெளிச்சம் விழ இடைவெளி விடவேண்டும், கீழே வளருகிறதுக்கும் வெயில் தேவையாம். மருந்து ஊறின மரம் ஆகாது. வசந்தம் தொடங்கி நடுக்கோடை வரை வேலையே செய்யக்கூடாது, அது மீன் சினைவிடுகிற காலம், குருவி கூடு கட்டுகிற காலம், ஆமை கரையேறி முட்டையிடுகிற காலம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். இந்த நாட்டில் என் ஷிஃப்டுக்கு யாராவது இப்படி நேரம் பார்த்துக் கொடுத்திருந்தால் நானும் பிள்ளைகுட்டிக்காரன் ஆகியிருப்பேன்.

இருந்தாலும் அவளிடம் ஒரு நியாயம் இருந்தது. இடத்தை நேரில் பார்க்க வருகிறேன் என்று நாளும் குறித்துத் தந்தாள். அண்ணைக்கு உடனே ரெலிபோன் எடுத்து, வாற கோடைக்குள் டொக்கின் நுனியில் இருப்பீர்கள் என்று சொன்னேன். அந்தப் பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு "ஓம்" என்றார்.

அரசாங்க ஆள் வளவு பார்க்க வருகிறார் என்றால் என்ன செய்யவேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பி.எச்.ஐ., அதாவது சுகாதாரப் பரிசோதகர், தெருவுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டாலே வீடுகளில் விளக்குமாறு ஓயாது. பற்றை வெட்டி, புல் செருக்கி, சிரட்டையும் சட்டியும் கவிழ்த்து, தேங்கின தண்ணீரை ஊற்றி வைப்போம். பற்றை பிடித்த வளவுக்குத் தண்டம், துப்புரவான வளவுக்கு ஒரு தலையாட்டல். அரசாங்கத்தை மதிக்கிறவன் தன் வளவைத் துப்புரவாக வைத்திருப்பான் என்பது எங்கள் எலும்பில் ஊறின விஷயம்.

ஆகவே நான் றப்பர் பூட்ஸ் வாங்கினேன். தமிழ்க் கடையில் ஓர் அரிவாளும் வாங்கினேன். டொக்கின் இரண்டு பக்கமும், நுனிவரைக்கும், சம்புப் புல்லை அடியோடு அரிந்தேன். இடுப்பு முறிந்தது. இந்த வயதில் தனியாளாக அவ்வளவு வேலை செய்தது எனக்கே புதுமை. அரிந்ததைக் கட்டி, பழுப்புப் பைகளில் அடைத்து, தெருவோரம் வரிசையாக வைத்தேன். வளவில் நின்று பார்த்தால் டொக் அடிமுதல் நுனிவரை தெரிந்தது. வழக்கமாக விடியமுன் கத்துகிற குருவிகள் அடுத்த நாள் கத்தவில்லை என்பதைக் கவனித்தேன். மரியாதையாக இருக்கின்றன என்று நினைத்தேனோ என்னவோ, அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கடைக்குப் போய் இறைச்சி றோல்ஸ் வாங்கிவந்தேன். வருகிறவள் மச்சம் சாப்பிடுவாளோ தெரியாது, மரக்கறியிலும் வாங்கினேன்.

அவள் வந்தாள். அண்ணையின் மகள் வயதுப் பிள்ளை, பெரிய சப்பாத்து, தோளில் கமரா. வளவின் எல்லைக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.  பிறகு, இதை யார் வெட்டினது என்று கேட்டாள். நான்தான் என்றேன். ஒருவேளை முந்தின சொந்தக்காரரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, வேறு யாராவதோ என்று திரும்பவும் கேட்டாள். எனக்குத் தப்ப ஒரு வழிவிட்டுப் பார்த்திருக்கிறாள், பாவம். அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த நேரத்தில் என் உழைப்பை வேறொருவன் கணக்கில் எழுதப் பார்க்கிறாளே என்று எனக்குச் சினம். நான் ஒருத்தனாக, ஒருவருடைய உதவியும் இல்லாமல் செய்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நீங்கள் வருகிறீர்கள் என்பதற்காகவே செய்தேன் என்றும் சொன்னேன்.

அவள் கமராவைக் கையில் எடுத்தாள். படம் எடுத்து முடிந்தபிறகுதான் மெதுவாகச் சொன்னாள். சதுப்பு என்றால் அந்தப் புல்தான். அவள் காக்க வந்தது எதுவோ அதை நான் அரிந்து பையில் கட்டித் தெருவில் வைத்திருக்கிறேன். வழக்குப் போடலாம், ஆனால் போடவில்லை, எழுத்தில் எச்சரிக்கையோடு விடுகிறாள். ஆனால் புல் பழையபடி வளர்ந்து, அதை அவள் வந்து பார்த்து உறுதிசெய்யும்வரை என் விண்ணப்பம் நகராது. ஒரு முழு வளர்காலம் வேண்டும். அதாவது அடுத்த கோடை.

றோல்ஸ் நீட்டினேன். வாங்க அனுமதியில்லை என்றாள். தேத்தண்ணிக்கும் இல்லை. அவள் போனபிறகு அந்த றோல்ஸை நானே வைத்து வைத்துச் சாப்பிட்டேன். 

அண்ணைக்குச் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன்.  பிறகு ஒரு கரகரத்த சத்தம் வந்தது. பயந்துபோனேன், அவர் சிரிக்கிறார் என்று பிடிபட நேரமெடுத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போச்சு என்று இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தார். பாரிசவாத வருத்தம் வந்தபிறகு அவர் சிரித்ததை நான் கேட்டது அதுதான் முதல்தடவை. அந்தச் சிரிப்புக்காக என்னை மன்னிக்க எனக்கே ஒரு சாட்டுக் கிடைத்தது.

அந்த வருடம் நீண்டது. இலையுதிர்காலத்தில் அரிந்த அடிக்கட்டைகள் தண்ணீருக்குள் கறுத்து நின்றன. பிறகு பனி மூடியது. நான் ஒவ்வொரு நாளும் டொக்கின் நுனிவரை போய் வந்தேன். நகரம் எனக்குப் பின்னால் இருக்கும், முன்னால் ஒன்றும் இல்லாத சாம்பல் நிறத் தண்ணீர். அங்கே நின்றால் மட்டும் வீட்டுக்குள் இருக்கிற அமைதி என்னை அமுக்காது. வீட்டில் ரீவியைச் சத்தமாகப் போட்டாலும் அது பக்கத்து வீட்டுச் சத்தம் போலத்தான் கேட்கும். நுனியில் ஒரு சத்தமும் இல்லாவிட்டாலும் ஏதோ நடக்கிற இடத்தில் நிற்கிறோம் என்றிருக்கும். என்னால் இதைவிட வடிவாகச் சொல்ல முடியவில்லை.

தை மாதத்தில் ஒருமுறை பஸ்ஸும் ரெயினும் மாறி மாறி ஏறிப் பிறம்ரனுக்குப் போனேன். அண்ணையை யன்னலோரம் வைத்திருந்தார்கள். யன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கராஜ் கதவு. அவர் மெலிந்திருந்தார். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு கராஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது மகள் என்னோடு வாசல்வரை வந்தாள்.

"அங்கிள், அப்பா எவ்ரி டே கேக்கிறார், டொக் ரெடியா எண்டு. நான் என்ன சொல்றது?"

வளருது எண்டு சொல்லு பிள்ளை என்றேன். அவளுக்கு விளங்கியிருக்காது.

வளர்ந்தது. வைகாசியில் பச்சைக் குருத்து எட்டிப் பார்த்தது. நான் வெட்டியதற்குப் பழிவாங்குவது போல, ஆடி மாதத்துக்குள் முன்னையிலும் அடர்த்தியாக, முன்னையிலும் உயரமாக எழும்பி நின்றது. ஒஃபிசுக்கு ரெலிபோன் எடுத்தேன். அதே பிள்ளை வந்தாள். இந்தமுறை நான் ஓர் இலையைக்கூடத் தொடவில்லை, வாசலைக்கூடக் கூட்டவில்லை. அவள் பார்த்துச் சிரித்தாள். பிறகு பலகையில் என் பக்கத்தில் நின்று, தான் சொல்லப்போவது எனக்குப் பிடிக்காது என்றாள்.

விஷயம் இதுதான். டொக்கை அகலமாக்கினால் அது பழையது என்ற உரிமை போய்விடும். புது டொக்குக்குப் புதுச் சட்டம். புதுச் சட்டப்படி சதுப்பின் ஓரத்தில் சின்ன மேடை மட்டும்தான் போடலாம், புல்லைக் கடந்து தண்ணீர்வரை போகக்கூடாது. வீல் செயாருக்குத் தேவையான அகலத்தை அவளால் எழுதித் தரமுடியும். அதோடு நீளத்தையும் சேர்த்துத் தர அவளுக்கு அதிகாரமில்லை. கிடக்கிற டொக்கை அப்படியே வைத்திருக்கலாம், ஒடுக்கமாக, தண்ணீர்வரை. அல்லது அகலமாக எடுக்கலாம், புல்லுக்குள் முடியும். இரண்டில் ஒன்று. கழற்றின பகுதியைப் பிறகு ஒருநாளும் திரும்பக் கட்ட முடியாது.

ஏன் அகலம் கேட்கிறீர்கள் என்று அவள் அப்போதுதான் கேட்டாள். சொன்னேன். பேஸ்மென்ற், மெத்தை, ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் எனக்கு வந்த இங்கிலிஷில் சொன்னேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் எல்லாப் பக்கமும் தேடிப் பார்த்ததாகவும், இரண்டையும் சேர்த்துத் தர வழி இல்லை என்றும், யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அவள்மேல் கோபப்பட எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

நான் அண்ணையைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்று அவர் வாயால் சொன்னபிறகு என்னால் மீற முடியாது. ஒருகிழமை, ஏழு நாளும், நுனியில் போய் இருந்து பார்த்தேன். இந்தத் தண்ணீர் வருடம் முழுவதும் என்னுடையது. அவர் வருவதென்றால் கோடையில், மகளுக்கு லீவு கிடைக்கிற ஞாயிறில், உடம்பு இடம்கொடுத்தால். கணக்குப் பார்த்தால் நீளம்தான் சரி. கணக்குப் பார்க்கிறவனாக இருந்திருந்தால் என் வாழ்க்கையும் வேறு மாதிரிப் போயிருக்கும். ரெலிபோன் எடுத்து, அகலம் என்றேன்.

குருவிகள் போனபிறகு வேலையாள்கள் வந்தார்கள். மெஷின் கொண்டுவரக்கூடாது என்பதால் கையால்தான் கழற்றினார்கள். தூண்களைப் பிடுங்கினால் சேறு கலங்கும் என்று அடியோடு வெட்டினார்கள். கடைசிப் பலகையைத் தூக்கும்போது நான் வீட்டுக்குள் போய்விட்டேன். எனக்கு அழுகை வந்தது. பலகைக்கு அழுகிற கிழவனை யாரும் பார்க்காதது நல்லது.

அடுத்த கோடையில் மகள் அவரைக் கூட்டிவந்தாள். வீல் செயார் ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல் ஏறியது. புதுப் பலகையில் சில்லுகள் கடகடவென்று போயின. அவர் இடது கையால் கைபிடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், முகம் மலர்ந்திருந்தது. மேடை முடிகிற இடத்தில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு நான் இருந்தேன். பழைய டொக்கில் ஒருவருக்குப் பின்னால் ஒருவராக, பஸ்ஸில் இருப்பதுபோலத்தான் இருப்போம். அவர் முதுகோடுதான் இத்தனை வருடமும் கதைத்திருக்கிறேன். இப்போது திரும்பினால் அவர் முகம் தெரிந்தது. மகள் எங்களை விட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள்.

எங்களைச் சுற்றிச் சம்புப் புல் எழும்பி நின்றது. கதிரையில் இருக்கிற ஆளுக்கு அது தலைக்கு மேலே. காற்று வந்தால் சரசரத்தது. அவர் நேரே பார்த்தார், பிறகு இடமும் வலமும் பார்த்தார்.

"தண்ணி எங்கை தம்பி?"

சொன்னேன். அகலத்துக்கு நீளத்தைக் கொடுத்ததை, திரும்பக் கட்ட முடியாது என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது புல்லைத்தான் பார்த்தேன்.  பேசுவதற்கு அவருக்கு இப்போது முயற்சி வேண்டும், சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துவரவேண்டும். 

"நான் எப்பவாவது ஒருநாள் வாறவன்," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "மற்ற நாளிலை நீ எங்கை போய் இருப்பாய்?"

 பெர்மிற்றுக்காக இத்தனை பேர் இத்தனை கேள்வி கேட்டிருக்கிறார்கள், இதை ஒருவரும் கேட்கவில்லை. இஞ்சைதான் அண்ணை, உங்கட பக்கத்துக் கதிரையிலை என்றேன். அவர் தலையை ஆட்டினார். அது ஓமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய ஒரு கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வருத்தம் வந்தபிறகு அந்தக் கண் தானாகவும் வழியும் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கோடையில் இன்னும் இரண்டு மூன்று தடவை வந்தார். இப்போது பிறம்ரனில் ஒரு நேர்சிங் ஹோமில் இருக்கிறார், வெளியே கூட்டிவருவது கஷ்டம் என்கிறாள் மகள். நான் ஒவ்வொரு நாளும் மேடையில் போய் இருக்கிறேன். புல்லைத் தவிர ஒன்றும் தெரிவதில்லை. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் இருக்கிறது, காற்றுத் திரும்பினால் சத்தம் கேட்கும், போக வழியில்லை. அந்த ஒஃபிசர் பிள்ளை நாளைக்கு வந்து அகலமா நீளமா என்று திரும்பக் கேட்டாலும், அகலம் என்றுதான் சொல்வேன்.